போட்டோ பிரிண்ட் பண்ற காட்டன் ஷீட்: 10 ஷீட், 54 கொக்கு, ஒரு க்வில்ட்

வாங்கலாமா வேணாமான்னு மட்டும் பாக்க வந்தவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன், தைக்கத் தெரிஞ்சவங்க தாராளமா வாங்கலாம். ஆனா கேமரால பாத்த படம் அப்படியே பளபளன்னு துணில வந்து உக்காரும்னு நினைச்சு வாங்கினா மனசு கஷ்டப்படும், எனக்கும் மொத ஷீட் வெளிய வந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு.

பொருள் என்னன்னா, ஏ4 சைஸ்ல வெட்டின வெள்ளை காட்டன் துணி, பின்னாடி பேப்பர் ஒட்டியிருக்கும், இங்க்ஜெட் பிரிண்டர்ல காயிதம் மாதிரியே சொருகி பிரிண்ட் எடுத்துட்டு பேப்பர உரிச்சு எடுத்துரலாம். துணிக்கு முன்னாடியே ஒரு மருந்து குடுத்திருப்பாங்க, இங்க் இழைல புடிச்சுக்கறதுக்கு. நான் வாங்கினது 10 ஷீட் பாக்கெட். பிராண்ட் பேர் போடல, இதே சாமான பல கம்பெனி போடறாங்க, நான் சொல்றதுல பெரும்பாதி எல்லாத்துக்கும் பொருந்தும்.

எதுக்கு வாங்கினேன்னு சொன்னாத்தான் இந்த ரிவ்யூ புரியும். க்வில்ட்னா துண்டுத் துணிங்கள சேத்துத் தச்சு, அடில பஞ்சும் இன்னொரு துணியும் வெச்சு மூணு அடுக்கா தைக்கறது. அதுல ஃப்ளையிங் கீஸ்னு ரொம்ப பழைய டிசைன் ஒண்ணு இருக்கு, பறக்குற வாத்துங்கன்னு அர்த்தம், அகலம் உயரத்த விட ரெண்டு மடங்கு இருக்குற ஒரு செவ்வகம், நடுவுல பெரிய முக்கோணம் அதான் பறவை, ரெண்டு ஓரத்துலயும் சின்ன முக்கோணம் அதான் ஆகாயம். இந்த செவ்வகத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா கூட்டமா மேல ஏறிப் போற மாதிரி இருக்கும். எத்தனையோ தலைமுறை பொம்பளைங்க வெறும் முக்கோணத்த வெச்சே பறவைய காட்டியிருக்காங்க. நான் பத்து வருஷமா கொக்கு போட்டோ எடுத்துட்டு இருக்கேன், குளத்தங்கரைல உக்காந்து, பெரும்பாலும் விடிகாலைல. இந்த ரெண்டையும் ஒண்ணு சேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, அந்த முக்கோணத்துக்குள்ள நெசமாவே ஒரு பறவை இருந்தா எப்படி இருக்கும்னு.

அதுலயும் ஒரு கொக்கு தண்ணிய விட்டு எழும்புறத தொடர்ச்சியா எடுத்த படங்கள் என்கிட்ட இருக்கு, கால் மடங்கி, றெக்கை மேல போயி, கீழ அடிச்சு, கழுத்து எஸ் மாதிரி உள்ள இழுத்துக்கறது வரைக்கும் 9 படம். ஒரு வரிசைக்கு ஒரு கொக்கு, கீழ தண்ணில ஆரம்பிச்சு மேல போகப் போக பறந்துரும். அந்த மாதிரி 6 வரிசை. மொத்தம் 54 முக்கோணம். (பறவை பறக்குறத துண்டு துண்டா பிரிச்சு பாக்கற ஆசை புதுசு இல்ல, 1882லயே எட்டியென் ஜூல் மாரேன்னு பிரெஞ்சு விஞ்ஞானி துப்பாக்கி மாதிரியே தோள்ல சாய்ச்சு குறி பாக்குற ஒரு கேமரா செஞ்சாரு, நொடிக்கு 12 படம் எடுக்கும். அதப் படிச்சப்ப எனக்கு அந்த மனுஷன் மேல அவ்வளவு பிரியம் வந்துச்சு.)

சரி, ஷீட்டுக்கு வரேன்.

மொத பிரிண்ட் மங்கலா வந்துச்சு. இது ஷீட்டோட குறை இல்ல, நான் தெரிஞ்சுக்காத விஷயம். இங்க்ஜெட் பிரிண்டர்ல வெள்ளை இங்க் கெடையாது. படத்துல எங்கெல்லாம் வெள்ளையோ அங்க பிரிண்டர் ஒண்ணுமே போடாது, துணி அப்படியே விட்டுப்போகும். காயிதத்துல இது தெரியாது, துணில பளிச்சுன்னு தெரியும், ஏன்னா துணிக்கு இழை இருக்கு, இழைக்கு நிழல் இருக்கு, அதோட இங்க்கு இழைக்குள்ள கொஞ்சம் பரவிரும், அதனால கருப்பு முழு கருப்பா வராது, நிழல் பகுதி எல்லாம் ஒட்டி ஒரே திட்டா ஆயிடும். நான் என்ன செஞ்சேன்னா படத்த பிரிண்டுக்கு முன்னாடி வெளிச்சம் ஏத்தி, நிழல தொறந்து விட்டு, கலர் கொஞ்சம் தூக்கி, கம்ப்யூட்டர்ல பாத்தா அசிங்கமா இருக்குற அளவுக்கு பண்ணி அனுப்பினேன், துணில வந்து பாத்தா சரியா இருந்துச்சு.

ஆனா அந்த மொத மங்கல் ஷீட்ட கைல வெச்சு ஜன்னல்கிட்ட நின்னு பாத்தப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. கொக்கோட வெள்ளை முழுக்க துணியோட வெள்ளை. பறவைய பிரிண்டர் வரையவே இல்ல, சுத்தியிருக்குற பச்சைத் தண்ணியையும் நாணலையும்தான் வரைஞ்சிருக்கு, நடுவுல மிஞ்சின வெறும் பருத்திதான் கொக்கு. அதுக்கப்புறம் எனக்கு இது போட்டோ பிரிண்டாவே தெரியல. அந்த எண்ணத்துலதான் மீதி வேலை எல்லாம் பண்ணேன், இந்த ஷீட்ட பத்தி என் அபிப்பிராயமும் அங்கதான் மாறுச்சு.

அதனால வாங்கும்போது துணியோட வெள்ளை என்ன வெள்ளைன்னு பாத்து வாங்குங்க. சிலது நீலம் போட்ட மாதிரி பளீர் வெள்ளை, சிலது பால் மாதிரி லேசா மஞ்சள் கலந்தது. பூ, பறவை, மேகம் எல்லாம் பிரிண்ட் பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். எனக்கு வந்தது பளீர் வெள்ளை, கொக்குக்கு சரி, ஆனா பக்கத்துல பழைய துணி வெச்சா கொஞ்சம் முறைக்குது.

படம் எவ்வளவு பெருசா இருக்கணும்னு நெறைய பேர் கேப்பாங்க. காயிதத்துக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி சொல்லுவாங்க, ஏ4 முழுசுக்கு 2480க்கு 3508 பிக்சல் வேணும். துணிக்கு அவ்வளவு தேவையே இல்ல, இழையே அந்த நுணுக்கத்த முழுங்கிரும், 150லயே எனக்கு வித்தியாசம் தெரியல. பழைய போன்ல எடுத்த படம் இருந்தாலும் தயங்காம போட்டுப் பாருங்க.

இங்க் விஷயத்துல மட்டும் கவனமா இருக்கணும். பிரிண்டர் இங்க்ல டை, பிக்மென்ட்னு ரெண்டு வகை. டை தண்ணில கரையுற சாயம், பிக்மென்ட் கரையாத பொடி, வெயிலையும் தண்ணியையும் அதுதான் நல்லா தாங்கும். எங்க வீட்டு பிரிண்டர் டை, தெரிஞ்சவங்க வீட்டுல பிக்மென்ட் பிரிண்டர் இருந்துச்சு. அந்த மொத சோதனை ஷீட்டுல மிச்சமிருந்த துணிய ரெண்டா வெட்டி ரெண்டு பிரிண்டர்லயும் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் பாதிய அட்டையால மூடி ஜன்னல்ல ரெண்டு மாசம் ஒட்டி வெச்சேன். டைல சிவப்பும் பச்சையும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வெளுத்துப் போச்சு, பிக்மென்ட்ல உத்துப் பாத்தாதான் கோடு தெரியுது. அதுல இருந்து 54 கொக்கையும் அங்க போயி உக்காந்துதான் எடுத்தேன். லேசர் பிரிண்டர்ல மட்டும் இத சொருகிடாதீங்க, அதுல டோனருங்கற மைப்பொடிய உருக்கி ஒட்ட வெக்கற உருளை ரொம்ப சூடா இருக்கும், இந்த ஷீட் அதுக்கு செஞ்சது இல்ல.

எடுத்த ஒடனே உரிக்காதீங்க. நான் ஒரு ராத்திரி முழுக்க காய விட்டேன். அப்புறம் பேப்பர உரிச்சு, குளிர்ந்த தண்ணில அலசி, முறுக்காம விரிச்சுக் காய வெச்சு, நீராவி இல்லாம இஸ்திரி. அலசினதுல நீளவாக்குல எனக்கு 3 மில்லிமீட்டர் கிட்ட சுருங்குச்சு. பாக்க சின்னதா இருக்கும், ஆனா க்வில்ட்ல தையல் ஓரமே கால் இன்ச்தான், அதாவது 6 மில்லிமீட்டர், அதுல 3 போச்சுன்னா ஒரு வரிசையும் நேரா வராது. அலசின பிறகுதான் வெட்டணும். இத பாக்கெட் மேல பெருசா போட்டிருக்கணும், சின்ன எழுத்துல கடைசி வரில போட்டிருக்காங்க, இதுக்கு கண்டிப்பா ஒரு ஸ்டார் குறைக்கறேன்.

வெட்டுற கணக்கு ஆசையா இருக்கறவங்களுக்கு: தச்ச பிறகு 4 இன்ச்சுக்கு 2 இன்ச் வரணும்னா வெட்டுறது 4½க்கு 2½. அத படுக்க வெச்சா ஏ4 அகலத்துல ஒண்ணுதான் வரும், பாதி ஷீட் வீணு. நிக்க வெச்சு, அதாவது படத்த பக்கவாட்டுல திருப்பி வெச்சா அகலத்துல 3, நீளத்துல 2, ஒரு ஷீட்டுக்கு 6 கொக்கு. 9 ஷீட்டுல 54, ஒண்ணு சோதனைக்கு போச்சு, பாக்கெட் கணக்கா முடிஞ்சுது. பெரிய சதுரத்த வெட்டி ஒரே தடவைல 4 பறவை வர்ற மாதிரி ஒரு முறை இருக்கு, துணி மிச்சம்னு எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க, போட்டோவுக்கு அது ஆகாது, நாலும் நாலு திசைய பாக்கும், ஒரு கொக்கு தலைகீழா போகும். செவ்வகத்து மேல ரெண்டு மூலைலயும் 2½ இன்ச் சதுரம் வெச்சு குறுக்க தச்சு மடிக்கிற முறைதான் சரி.

இதுல நான் ரொம்ப நாள் திண்டாடின இடம் படத்த எங்க வெக்கறதுங்கறது. செவ்வகமா பிரிண்ட் பண்றோம், ஆனா கண்ணுக்குத் தெரியப்போறது நடுவுல இருக்குற முக்கோணம் மட்டும்தான், ரெண்டு மூலையும் ஆகாயத் துணிக்கு அடில போயிடும், முக்கோணத்தோட உச்சிக்கு மேல கால் இன்ச் தையலுக்குள்ள போயிடும். மொத வரிசைல மூணு கொக்குக்கு அலகு நுனி இல்லாம போச்சு. றெக்கை முழுசா தெரியணும்னு சின்னதாக்கினா பறவை புள்ளி மாதிரி ஆகுது, பெருசாக்கினா வெட்டுப்படுது. கடைசில நான் ஒரு முடிவுக்கு வந்தேன், அலகும் கண்ணும் உள்ள இருக்கணும், றெக்கை நுனி வெட்டுப்பட்டா படட்டும். அப்படி விட்டதுதான் நல்லா வந்துச்சு, வெட்டுப்பட்ட றெக்கை பக்கத்து ஆகாயத் துணிக்குள்ள போற மாதிரி கண்ணு தானா நீட்டிப் பாத்துக்குது. முழுசா உள்ள அடங்கின கொக்கெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி அப்படியே நிக்குது, பறக்க மாட்டேங்குது. போட்டோ எடுக்கறவங்களுக்கு படத்த வெட்ட கை வராது, எனக்கும் வரல, ஆனா இந்த வேலைல கத்திரிக்கோல எடுத்தே ஆகணும்.

ஆகாயத்துக்கு கடைத் துணி எதுவும் ஒத்து வரல, எல்லாமே ரொம்ப புதுசா இருந்துச்சு. அம்மா கட்டிக் கட்டி நைஞ்ச ஒரு காட்டன் சேலை, சாம்பல் கலந்த நீலம், விடியறதுக்கு முன்னாடி குளத்து மேல இருக்குற கலர். அத வெட்டினப்ப கை நடுங்குச்சு. இப்ப அந்தக் கொக்குங்க எல்லாம் அதுக்குள்ளதான் பறக்குது.

தைக்கறதுல இந்த ஷீட்டோட நெசமான குணம் தெரியும். சாதா பருத்திய விட விறைப்பு. மெஷின்ல பிரச்சனை இல்ல, புது ஊசி, 70 நம்பரோ 80 நம்பரோ போடுங்க, மழுங்கின ஊசி போட்டா பொட்டு பொட்டுன்னு சத்தம் வரும், இங்க் உதிர்ந்து வெள்ளைப் புள்ளி தெரியும். தப்பா தச்சு பிரிச்சா ஓட்டை அப்படியே நிக்கும், தண்ணி தெளிச்சாலும் மூடாது. அதனால பிரிக்க வேண்டிய நெலைமையே வராம, வேற துணில ஒரு தடவ தச்சுப் பழகிட்டு இதுல தைங்க. கைத்தையல் போடறவங்களுக்கு இது கஷ்டமான துணி, நான் வங்காளத்து காந்தா வேலை மாதிரி பொடி ஓட்டுத்தையல் கொக்கு மேலயே போட்டுப் பாத்தேன், ஒவ்வொரு குத்துக்கும் விரல் வலிச்சுது. சேலைத் துணில அதே ஊசி வெண்ணைல போற மாதிரி போகுது. அதனால கைத்தையல் எல்லாம் ஆகாயத்துல மட்டும், கொக்க சுத்தி மெஷின் தையல்.

அந்த மெஷின் தையல் பத்தி ஒண்ணு சொல்லணும், இதுதான் எனக்கு இந்த க்வில்ட்லயே ரொம்ப புடிச்ச இடம். ஃபீட் டாக்க, அதாவது ஊசிக்கு அடில துணிய நகர்த்துற பல்ல கீழ எறக்கிட்டு, துணிய நம்ம கையாலயே நகர்த்தி கோடு வரையற மாதிரி தைக்கறது, ஃப்ரீ மோஷன்னு சொல்லுவாங்க. மூணு அடுக்கும் சேத்து, கொக்கோட ஒடம்பு மேல ஒரு தையல்கூட போடாம, சுத்தியிருக்குற தண்ணி மேல மட்டும் நெருக்கமா அலை அலையா தச்சேன். தச்ச எடம் அமுங்கும், தைக்காத எடம் உள்ள இருக்குற பஞ்சால புடைச்சு நிக்கும். கொக்கு தானா எழும்பி நிக்குது. பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா மார்புக்கு நிழல் வருது. நான் எடுத்த எந்த போட்டோலயும் இது வந்ததே இல்ல. காலுக்கும் அலகுக்கும் மட்டும் கருப்பு நூல்ல ஒரு கோடு, பிரிண்ட்ல சாம்பலா போன கருப்ப நூல் மீட்டுக் குடுத்துருது.

எடைக்கு எடை ஒப்பிட்டுப் பாக்கணும்னு சையனோடைப் முறைலயும் ஒரு சின்ன துண்டு பண்ணேன், அதயும் சொல்லிடறேன், சில பேருக்கு இந்த ஷீட்ட விட அதுதான் பொருந்தும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடுன்னு ரெண்டு உப்பக் கரைச்சு கலந்து, இருட்டுல துணில பூசிக் காய வெச்சு, மேல இலையோ நெகட்டிவோ வெச்சு வெயில்ல காட்டி தண்ணில அலசினா, வெயில் பட்ட எடம் நீலமாகும், மறைஞ்ச எடம் வெள்ளையா நிக்கும். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிய நேரா பேப்பர் மேல வெச்சு இப்படி எடுத்து புத்தகமா போட ஆரம்பிச்சாங்க. 19ம் நூற்றாண்டு கடைசிலயே ஜனங்க வீட்டு போட்டோவ இந்த நீலத்துல துணில எடுத்து தலகாணி உறைலயும் க்வில்ட்லயும் வெச்சுத் தச்சிருக்காங்க, அதனால போட்டோவும் க்வில்ட்டும் சேர்றது ஏதோ இந்த கம்ப்யூட்டர் காலத்து யோசனைன்னு நினைக்க வேணாம்.

கூட்டிக் கழிச்சுப் பாத்தா, துணி மென்மைல சையனோடைப் எவ்வளவோ மேல, துணி துணியாவே இருக்கும், கைத்தையலும் சுகமா எறங்கும். ஒரு வேப்பிலைக் கொத்த வெச்சு எடுத்தேன், நரம்பு தெரியல ஆனா ஓரத்துல இருக்குற பல்லு ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி விழுந்துச்சு. ஆனா கலர் நீலம் மட்டும்தான், வெயில் வேணும், கையுறை போடணும், துவைக்கும்போது சோடா கலந்த சோப்பு பட்டா நீலம் மஞ்சளா போயிடும், ப்ளீச் பக்கமே போகக்கூடாது. வெளிச்சத்துல லேசா வெளுத்தா கொஞ்ச நாள் இருட்டுல வெச்சா நீலம் திரும்பி வரும், அந்த ஒரு குணம் எந்த பிரிண்டர் இங்க்குக்கும் கெடையாது. இலை, இறகு, பூ எடுக்கறவங்க அதுக்குப் போங்க. பறவை, தும்பி, தண்ணி, நகர்ற எதுவா இருந்தாலும் இந்த ஷீட்டுதான்.

இன்னொண்ணு, போர்வையா போத்திக்க நினைக்கறவங்க வேண்டாம். அடிக்கடி துவைக்கற சாமானுக்கு இது தாங்காது, சுவத்துல மாட்டறதுக்கு, குளிர்ந்த தண்ணில எப்பவாவது ஒரு தடவ அலசறதுக்கு சரி. நேர் வெயில் படாத சுவரா பாருங்க. மடிச்சு வெச்சா பிரிண்ட் மேல மடிப்புக் கோடு விழுந்துரும், சுருட்டித்தான் வெக்கணும், படம் வெளிப்பக்கம் இருக்குற மாதிரி.

படம் உங்க படமா இருக்கட்டும். நெட்ல எடுத்த அழகான பறவைய பிரிண்ட் பண்ணி தைக்கறது அடுத்தவங்க உழைப்பங்கறது ஒரு பக்கம், அந்தப் பறவைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நான் தண்ணிய தைக்கும்போது அன்னைக்கு அலை எந்தப் பக்கம் போச்சுன்னு கைக்குத் தெரிஞ்சுது. அப்புறம் கூடு கட்டியிருக்குற நேரத்துல கிட்ட போயி எடுக்காதீங்க, தாய்ப்பறவை எழும்பிப் போனா முட்டை வெயில்லயோ காக்காகிட்டயோ மாட்டிக்கும், ஒரு முக்கோணத்துக்காக அது வேணாம்.

ஸ்டார் கணக்கு: பிரிண்ட் தரம் 5க்கு 4, தைக்கற சுகம் 3, சுருங்கற விஷயத்த சின்ன எழுத்துல போட்டதுக்கு ஒண்ணு கம்மி, மொத்தமா 2½ குடுக்கறேன். இன்னொரு பாக்கெட் ஆர்டர் போட்டாச்சு. க்வில்ட் 33 இன்ச்சுக்கு 22 இன்ச் வந்திருக்கு, நாலாவது வரிசைல அலகு நுனி போன ஒரு கொக்க அப்படியே விட்டிருக்கேன், அதுக்கு நூல்லயே அலகு போட்டேன், தூரத்துல இருந்து பாக்கறவங்க கண்ணு மொதல்ல அதுகிட்டதான் போகுது.